வெட்டிய செம்பனை மரங்களை எரிக்காமல் என்ன செய்கிறார்கள்? மலேசியத் தோட்டங்களில் ‘ஹிட்டாச்சி’ பார்க்கும் வேலை!

நம்ம சமையலறைக்கு வரும் பாமாயில், செம்பனை மரத்தின் பழத்தில் இருந்து எடுக்கப்படுகிறது. சுமார் 25 வயதானால் மரம் குலை வெட்ட எட்டாத உயரத்துக்குப் போய்விடும், காய்ப்பும் குறையும். அப்போது மொத்தத் தோட்டத்தையும் சாய்த்துவிட்டு புதுக் கன்று நடுவார்கள். ஒரு ஹெக்டேருக்கு 130 மரங்களுக்கு மேல் இருக்கும். இத்தனை தண்டையும் என்ன செய்வது?

முன்பெல்லாம் தீ வைப்பதுதான் சுலபமான வழி. 1997-ல் இந்தோனேசியாவில் காடுகளிலும் தோட்ட நிலங்களிலும் எரிந்த தீயின் புகை, மலேசியா, சிங்கப்பூர் வரை பரவி மக்களைத் திணறடித்தது. 2002-ல் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமாசு குறித்து ஒப்பந்தமே போட்டன. மலேசியாவில் சில தோட்டங்கள் அதற்கு முன்பே எரிக்காமல் மறுநடவு செய்யத் தொடங்கிவிட்டன. அதற்குக் கைகொடுத்தது, நம்மூரில் ஹிட்டாச்சி என்று சொல்கிறோமே, அந்தச் செயின் வண்டிதான்.

ஒரே வண்டி, பல வேலை

வண்டியின் கை நுனியில் மாட்டும் கருவியை மாற்றினால் வேலையும் மாறும். மரத்தைத் தள்ளிச் சாய்க்கும், அடிக்கட்டையை வேரோடு தோண்டும், மட்டைகளை அள்ளும். முக்கியமான வேலை, கூரான பக்கெட்டால் தண்டைச் சாய்வாகச் சீவுவது. செம்பனைத் தண்டு தேக்கு மாதிரி இறுகிய மரம் இல்லை, ஈரமான நார். அதனால் வில்லை வில்லையாக வந்துவிடும். அதை வரிசைகளுக்கு இடையே பரப்பிவிட்டால் மட்கி, பொட்டாசியம் உள்ளிட்ட சத்துகள் மண்ணுக்கே திரும்பும்.

சரி, சிக்கல் எங்கே?

வண்டுதான். நம்ம தென்னை விவசாயிகளைப் பாடாய்ப் படுத்தும் அதே காண்டாமிருக வண்டு. அழுகும் தண்டில்தான் முட்டையிடும். வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். தீ வைத்த காலத்தில் புழுவும் சேர்ந்தே எரிந்தது. இப்போது அந்த வசதி இல்லை.

அதனால்தான் வில்லை சுமார் 10 சென்டிமீட்டர் தடிமனுக்குள் இருக்க வேண்டும், குவிக்காமல் பரப்ப வேண்டும் என்கிறார்கள். மெல்லிய துண்டு சீக்கிரம் காய்ந்து மட்கிவிடும். தடித்த துண்டில் ஈரம் தங்கும், புழுவுக்கு அது சொகுசான வீடு. ஆனால் மெல்லியதாகச் சீவச் சீவ டீசலும் நேரமும் கூடும். செலவைப் பார்த்து பருமனாக வெட்டிக் குவித்தால், அங்கே பிறக்கும் வண்டு பக்கத்துத் தோட்டத்துக் கன்றுகளையும் பதம் பார்க்கும்.

பரப்பிய துண்டுகளின் மேல் முக்குணா என்ற கொடியைப் படரவிடுவதும் உண்டு. கொடி மூடிவிட்டால், முட்டையிட இடம் தேடி வரும் வண்டுக்கு அந்த இடம் எளிதில் அகப்படாது.