ஜொகூர்த் தமிழ்ச் சிறுவணிகரும் இணையவழிச் சந்தைப்படுத்தலும்: ஒரு மொழிநிலை நோக்கு

முன்னுரை

வணிகத்தைப் பொருளியலாரும் மேலாண்மைத் துறையினரும் ஆராய்வர். தமிழாய்வுக்கும் அதற்கும் தொடர்பு யாது என்னும் வினா எழலாம். கடையின் முன் நின்று, கண்ணால் கண்டு, வாயால் கேட்டு வாங்கிய காலத்தில் அவ்வினா பொருந்தியிருக்கலாம். இன்றோ, வாங்குபவர் கடைக்கு வருமுன்பே திறன்பேசியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறார். அவர் தேடும் சொல்லும், வணிகர் தம் கடையைப் பற்றி எழுதி வைத்திருக்கும் சொல்லும் பொருந்தினால் கடை கண்ணில் படுகிறது; பொருந்தாவிடின் கடை இருந்தும் இல்லாததாகிறது. ஆகவே, இணையவழிச் சந்தைப்படுத்தல் என்பது முதற்கண் ஓர் எழுத்துப்பணியே எனலாம். இக்கருத்தினை ஜொகூர் மாநிலத் தமிழ்ச் சிறுவணிகச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியாவில் 2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, ஆண்டு விற்பனை 300,000 ரிங்கிட்டுக்குக் குறைந்ததோ முழுநேரப் பணியாளர் ஐவருக்குக் குறைந்ததோ ஆகிய தொழில் குறுந்தொழில் ஆகும். பூக்கடை, பலகாரக்கடை, தையற்கடை, ஒட்டுக்கடை, வீட்டிலிருந்தே நடைபெறும் உணவு விற்பனை ஆகியவற்றுள் பல இவ்வரையறைக்குள் அடங்குவன. விளம்பரத்திற்கெனத் தனி அலுவலரை அமர்த்த இயலாத இவர்களே இக்கட்டுரையில் சிறுவணிகர் எனப்படுகின்றனர்.

கடைத்தெருவும் தேடுபொறியும்

ஜொகூர் பாரு நகரின் பழைய கடைத்தெருக்கள், தொழிலும் இடமும் ஒன்றியிருந்த நிலையைக் காட்டுவன. ஜாலான் டோபி என்னும் தெருப்பெயர் சலவைத் தொழில் செய்தோரை இன்றும் நினைவூட்டுகிறது. ஜாலான் உங்கு புவானில் அருள்மிகு இராஜமாரியம்மன் ஆலயத்தை ஒட்டிய பகுதி ‘லிட்டல் இந்தியா’ எனப்படுகிறது. ஆலயத்திற்கு வருவோர் மாலை வாங்குவதும், மாலை வாங்க வந்தோர் அடுத்த கடையில் மளிகையோ புடவையோ வாங்குவதும் இயல்பாக நிகழ்ந்தன. இத்தகைய சூழலில் இடமே விளம்பரமாக அமைந்தது. பெயர்ப்பலகை, நாட்காட்டி, திருவிழாத் துண்டறிக்கை, வாய்மொழிப் பரிந்துரை ஆகியன அதற்குத் துணைநின்றன.

இந்நிலையின் வரம்பினை 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வரும் வாடிக்கையாளரை நம்பியிருந்த ஜொகூர் பாரு வணிகம் ஒரே நாளில் அவர்களை இழந்தது. நில எல்லை முழுமையாகத் திறக்கப்பெற்றது 2022 ஏப்பிரல் 1இல்தான். இடத்தை மட்டுமே விளம்பரமாகக் கொண்ட கடைக்கு அவ்விரண்டு ஆண்டுகளில் வாடிக்கையாளரை எட்டுவதற்கு வேறு வழி இருக்கவில்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் பொருட்பட்டியலும் இணையத்தில் எழுதி வைத்திருந்த கடைக்கோ உள்ளூர் வாடிக்கையாளரையேனும் எட்டும் வாய்ப்பிருந்தது.

இணையத்தில் கடையின் இருப்பை அறிவிக்கும் கருவிகளுள் முதன்மையானது கூகுள் வணிகக் குறிப்பு ஆகும். 2014இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்னும் பெயரில் அறிமுகமாகி, 2021இல் பெயர் மாற்றம் பெற்ற இச்சேவை கட்டணமற்றது. அருகிலுள்ள கடைகளைத் தேடுவோர்க்கு எதனை முன்னர்க் காட்டுவது என்பதை மூன்று அடிப்படைகளில் தீர்மானிப்பதாக அந்நிறுவனம் குறிப்பிடுகிறது: தேடும் பொருளோடுள்ள பொருத்தம், தொலைவு, கடையின் அறிமுகப் பெருக்கம். இவற்றுள் தொலைவை வணிகர் மாற்றவியலாது. அறிமுகம் காலப்போக்கில் வளர்வது. பொருத்தம் ஒன்றே வணிகர் எழுதும் சொற்களால் உடனடியாகச் செம்மையுறக் கூடியது. மொழியறிவு வணிகத்திற்குப் பயன்படும் முதலிடம் இதுவேயாகும்.

பெயரும் எழுத்துப்பெயர்ப்பும்

தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதுவதில் ஒருமை இல்லை. ழகரத்தைத் தமிழ்நாட்டு வழக்கு ‘இசட்-எச்’ என்னும் ஈரெழுத்தால் குறிக்க, மலேசிய வழக்கு பெரும்பாலும் ‘எல்’ என்னும் ஓரெழுத்தால் குறிக்கிறது. நெடிலை இரட்டித்து எழுதுவாரும் உளர், இரட்டிக்காதாரும் உளர். பொருட்பெயர்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. தோசை என்பது மலேசிய ஆங்கில வழக்கில் தோசை என்றும், மலாய் வழக்கில் தோசே என்றும், வட இந்திய வழக்கில் டோசா என்றும் எழுதப்பெறுகிறது. வடை மலாயில் வடே ஆகிறது. முறுக்கு மருக்கு ஆகிறது. ஒரே பண்டத்தை நான்கு வகை வாங்குநர் நான்கு வகையாகத் தேடுகின்றனர் என்பது இதனால் புலப்படும்.

இதற்குத் தீர்வு, கடையின் பெயரைப் பல வடிவங்களில் எழுதுவதன்று. பெயர்ப்பலகையிலும் பதிவுச் சான்றிதழிலும் உள்ள வடிவத்தையே எல்லா இடங்களிலும் மாறாது எழுதுதல் வேண்டும். கடைப்பெயரோடு பண்டப்பெயர்களைத் திணித்தெழுதுவதைக் கூகுள் தன் விதிகளில் தடைசெய்துள்ளது. பல வடிவங்களுக்கு உரிய இடம் விளக்கவுரையும் பொருட்பட்டியலுமே ஆகும். அங்கே ‘முறுக்கு’ என்று தமிழிலும், அதன் மலாய் வடிவத்தை உரோமன் எழுத்திலும் அருகருகே எழுதுவது முறையாகும்.

பெயர்ப்பலகைக்கும் இணையக் குறிப்புக்கும் உள்ள ஒரு வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. மலேசிய ஊராட்சி மன்றங்களின் விதிகள் பெயர்ப்பலகையில் தேசிய மொழிக்கு முதன்மை தருமாறு பணிக்கின்றன. பிறமொழி உடன் இடம்பெறலாம். பலகையின் பரப்பும் அளவுக்குட்பட்டது. ஆகவே, தமிழ் அங்குச் சுருங்கியே நிற்க நேரும். இணையப் பட்டியலில் அத்தகைய இடநெருக்கடி இல்லை. இருந்தும் அங்கே தமிழை விடுத்து எழுதுவது வணிகர்தம் பழக்கத்தின் விளைவே அன்றி வேறன்று.

எழுத்துருவும் குறியீடும்

தமிழில் எழுதியும் பயன் விளையாமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. விளம்பரத்தை ஒரு படமாக வடிவமைத்து, அப்படத்தை மட்டும் முகநூலிலும் புலனத்திலும் பகிர்வது பரவலான வழக்கம். படத்துள் இருக்கும் எழுத்து மனிதர் கண்ணுக்கு எழுத்தே. தேடுபொறிக்கு அது எழுத்தாக எட்டும் என்னும் உறுதியில்லை. மேலும், யூனிகோடு சாராத பழைய எழுத்துருக்களில் அச்சகங்கள் உருவாக்கிய பனுவலை இணையத்தில் ஒட்டினால், பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் மலேசியத் தமிழர்க்குச் சிறப்பிடம் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் வெளிவந்த செல்லினமும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை எளிதில் எழுத வழிவகுத்தன. இன்று திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை எளிதிற் கிட்டுகிறது. எனவே, படத்தோடு அதே செய்தியை யூனிகோடு தமிழில் தட்டெழுதியும் இடுவதற்குத் தடையேதும் இல்லை.

ஆயினும், ஒரு நுட்பம் அறிந்திருத்தல் நன்று. கூகுள் வணிகக் குறிப்பின் விளக்கவுரை 750 குறியீடுகளுக்கு உட்பட்டது. ‘தமிழ்’ என்னும் சொல் நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக எண்ணப்பெறும். குறுஞ்செய்தியிலும் இவ்வாறே, உரோமன் எழுத்தில் 160 குறியீடுகளுக்கு இடமிருக்க, தமிழில் 70க்கே இடமுண்டு. ஆகவே, தமிழில் எழுதும் வணிகர்க்குச் சுருக்கமும் செறிவும் பிறரினும் மிகுதியாக வேண்டப்படுகின்றன.

விளக்கவுரையின் இயல்பு

செகாமட்டில் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் ஒரு பெண்மணி இருப்பதாகக் கொள்வோம். ‘சுவையான, தரமான பலகாரங்கள் எங்களிடம் கிடைக்கும்’ என்று அவர் எழுதினால், அது எல்லாக் கடைக்கும் பொருந்தும் தொடராகும். எவரும் ‘சுவையான’ என்று தேடுவதில்லை. ‘அரிசிமாவு முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, 500 கிராம் பொட்டலம், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும், செகாமட் நகருக்குள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படும்’ என்று எழுதினால், பண்டம், அளவு, காலம், இடம் நான்கும் விளங்குகின்றன. அடைமொழி குறைந்து பெயர்ச்சொல் மிகுவதே நல்ல வணிக விளக்கத்தின் இலக்கணம் எனலாம்.

இதனால் மொழிக்கும் ஆக்கம் உண்டு. பூக்கடைக்காரர் தம் பொருட்பட்டியலில் ‘மாலை அ’, ‘மாலை ஆ’ என்று எண்ணிட்டு விற்பாராயின் கதம்பம், சரம், முழம், மரிக்கொழுந்து என்னும் சொற்கள் இளந்தலைமுறையின் காதில் விழாமலே போகும். நகைக்கடையில் அட்டிகையும் ஒட்டியாணமும் வெறும் படங்களாகி விடும். தொழிற்சொற்கள் அகராதியில் வாழ்வதைக் காட்டிலும் விலைப்பட்டியலில் வாழ்வதே அவற்றிற்கு உயிர்ப்பைத் தரும்.

தொடர்பும் பணமாற்றும்

2018இல் அறிமுகமான வணிகப் புலனச் செயலி, கடையின் முகவரி, வேலைநேரம், பொருட்பட்டியல், முன்னரே எழுதி வைத்த விடைகள் ஆகியவற்றுக்கு இடமளிக்கிறது. ஒரே செய்தியைப் பலர்க்கு அனுப்பும் வசதியும் அதில் உண்டு. எனினும், வணிகரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவர்க்கே அச்செய்தி சென்று சேரும். வாடிக்கை என்னும் பழைய உறவு இங்கும் முன்நிபந்தனையாக அமைவது நோக்கத்தக்கது.

பணம் பெறுவதற்கு டூயிட்நவ் கியூஆர் குறியீடு பயன்படுகிறது. 2023 மார்ச்சு 31 முதல் அது சிங்கப்பூரின் நெட்ஸ் கியூஆர் முறையோடு இணைக்கப்பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 17இல் இரு நாடுகளின் பேநவ், டூயிட்நவ் பணமாற்றுச் சேவைகளும் இணைந்தன. இவ்விணைப்பில் பங்குபெறும் வங்கிச் செயலிகளைப் பயன்படுத்தும் சிங்கப்பூர் வாடிக்கையாளர், ரிங்கிட் தாளுக்கு அலையாமல் ஜொகூர் பாருவில் பொருள் வாங்க இது வழிசெய்துள்ளது.

சட்டமும் நம்பகமும்

தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் 1956ஆம் ஆண்டின் தொழிற்பதிவுச் சட்டப்படி மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவுசெய்தல் வேண்டும். இணையத்தில் மட்டும் விற்போர்க்கும் இது பொருந்தும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மின்வணிகப் பரிமாற்றங்களுக்கென 2012இல் வகுக்கப்பெற்று 2013 சூலை 1இல் நடப்புக்கு வந்த விதிமுறைகள், விற்பவர் பெயர், பதிவெண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, செலவு அனைத்தும் அடங்கிய முழுவிலை, பணம் செலுத்தும் முறை, நிபந்தனைகள், பொருள் சேரும் காலம் ஆகியவற்றை வெளியிடப் பணித்தன. 2024இல் இவ்விதிமுறைகள் புதுப்பிக்கப்பெற்றன. ‘விலைக்குத் தனிச்செய்தி அனுப்புக’ என்னும் வழக்கம் இந்நெறிக்கு முரணானது.

2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நோக்கில் ஒருவரின் விவரங்களைப் பயன்படுத்துவதை நெறிப்படுத்துகிறது. ஆலயக் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் குழுவிலோ கிடைத்த எண்களுக்கு விளம்பரம் அனுப்புதல் தவிர்க்கத்தக்கது. நேரடி விளம்பரத்தை நிறுத்துமாறு கோரும் உரிமையும் பெறுநர்க்கு இச்சட்டத்தில் உண்டு.

இக்கருவிகள் பிறர்க்குரியவை என்பதையும் மறத்தலாகாது. வணிகக் குறிப்போடு இணைத்துக் கூகுள் கட்டணமின்றி வழங்கிய எளிய வலைத்தளச் சேவை 2024 மார்ச்சில் நிறுத்தப்பெற்றது. முகநூல் தன் நேரலை விற்பனை வசதியை 2022 அக்டோபரில் நிறுத்தியது. ஆதலின் பொருட்பட்டியல், விளக்கவுரை, ஒப்புதல் தந்த வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றின் படியை வணிகர் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கருவி மாறினும் எழுதிய உரை வேறிடத்தில் பயன்படும்.

தமிழாசிரியர் பங்கு

சிறுவணிகர்க்குக் கடன் வழங்கத் தெக்குன் நேசனலின் ஸ்புமி போன்ற திட்டங்கள் உள்ளன. கடனால் கிடைத்த அடுப்பும் தையற்பொறியும் பயன்தர வேண்டுமாயின், பொருளை உரியவர்க்கு அறிவிக்கும் எழுத்தாற்றலும் வேண்டும். அவ்வாற்றலை வளர்க்கும் இடம் மொழி வகுப்பறையாகும். ‘எனக்குப் பிடித்த உணவு’ என்னும் கட்டுரைத் தலைப்போடு, பெற்றோரின் அல்லது அண்டை வீட்டாரின் கடைக்கு 70 குறியீட்டில் ஒரு குறுஞ்செய்தி, 750 குறியீட்டில் ஒரு விளக்கவுரை எழுதும் பயிற்சியையும் மாணவர்க்கு அளிக்கலாம். யூனிகோடு தட்டெழுத்து, பொருட்பெயர்த் திரட்டு, மும்மொழி ஒப்பீடு ஆகிய மூன்றும் அப்பயிற்சியில் ஒருங்கே அமையும்.

முடிவுரை

தமிழில் மட்டும் எழுதினால் மலாய், சீன வாடிக்கையாளரைச் சிறுவணிகர் இழப்பர். தமிழை விடுத்தெழுதினால் தம் பொருளின் பெயரை நன்கறிந்த வாடிக்கையாளரை இழக்கக் கூடும். ஒரு பொருளுக்கு இரு மொழிகளில் இரு வரி எழுதுவது பெருஞ்செலவன்று. எழுதத் தெரிந்தவர் துணையே அதற்குத் தேவை. அத்துணையை நல்கும் தகுதி தமிழாசிரியரிடமும் அவர்தம் மாணவரிடமும் உள்ளது. ஜொகூரின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு தமிழாசிரியர் ஒரு கடைக்கு ஒரு விளக்கவுரை எழுத உதவுவாராயின், அவ்வணிகரின் வருவாய்க்கும் தமிழின் தொழிற்சொல் வளத்திற்கும் அது துணைநிற்கும்.