பென்டிரைவ் செருகியவர் மட்டுமா பொறுப்பு?

“நம்ம மெஷினுக்குத்தான் இன்டர்நெட்டே கிடையாதே, வைரஸ் எப்படி வரும்?” தொழிற்கூடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருள், வெளி இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நடான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்தது. அது பென்டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் முடங்கியதற்குக் காரணம், வைரஸ் சோதனை செய்யாமல் புதுக் கருவி ஒன்றை நெட்வொர்க்கில் இணைத்தது.

மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் 7-தான் பல இடங்களில் இன்னும் ஓடுகிறது. அதற்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுபோனது. எனவே பென்டிரைவை முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் சோதியுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவரும் லேப்டாப்புக்கும் இதே விதிதான். கேட்கத் தயங்க வேண்டாம்.

எல்லாக் கோளாறும் வைரஸ் அல்ல. எடைத் தராசை இணைத்த யுஎஸ்பி கன்வெர்ட்டரைக் கழற்றிப் பக்கத்து போர்ட்டில் செருகினால், காம்3 என்றிருந்த போர்ட் எண் காம்5 ஆகிவிடலாம். மென்பொருள் காம்3-லேயே தேடிக்கொண்டிருக்கும், திரையில் எடை வராது. தராசு போய்விட்டது என்று புதிது வாங்குமுன் டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பாருங்கள். பாட் ரேட், பாரிட்டி ஆகியவை தராசிலும் மென்பொருளிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தக் கேபிள் எந்த போர்ட்டுக்கு என்று லேபிள் ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆர்எஸ்-485 லைன் நீளமாக இருந்தால் இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கம்ப்யூட்டரின் எர்த்துக்கும் மெஷினின் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போர்ட்டே கருகிவிடலாம். அங்கே ஐசொலேட்டர் போடுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஏதாவது நின்றுபோனால் பழியை ஆபரேட்டர் தலையில் கட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். இது அநியாயம். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்குமுன், தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, பொறுப்பாளர் அனுமதியின்றி கம்ப்யூட்டரில் வைரஸ் புகுத்துவோர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 66-ஆம் பிரிவின்படி அது குற்றமாக வேண்டுமானால் நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்திருக்க வேண்டும். ஆகவே, எந்தக் கருவியைச் செருகலாம், யார் சொல்லிச் செருக வேண்டும் என்பதை முதலாளி எழுத்தில் தரட்டும். ஆபரேட்டரும் அதைக் கேட்டு வாங்கட்டும்.

வைரஸ் என்று சந்தேகம் வந்தால் மெஷினை முறைப்படி நிறுத்தி, நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால் தடயம் அழிந்துவிடும். 2022-இல் வந்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் இத்தகைய சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் கட்டணமில்லா எண் 1800-11-4949.