பழி சுமக்கும் ஓநாய்

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். தம்பியைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள், பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தையிடம் காட்டி, ஓநாய் தின்றுவிட்டதாகக் கூறினர். செய்தவர்கள் மனிதர்கள், பழியைச் சுமந்ததோ வாயற்ற ஒரு விலங்கு!

அன்புள்ள வாசகர்களே! அந்தப் பழி இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் நாட்டு ஓநாய் அடர்ந்த காட்டில் வாழ்வதன்று. குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் வறண்ட புல்வெளிகளும் முட்புதர்களுமே அதன் இருப்பிடம். தாய், தந்தை, பிள்ளைகள் என ஒரு குடும்பமாகவே அது வாழ்கிறது. வேட்டையாடிய பெற்றோர், உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. வெளிமானும் முயலும் அருகிய இடங்களில் அது ஆட்டு மந்தையை நாடுகிறது.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3,682 புலிகள் உள்ளன. ஓநாய்களோ சுமார் 3,000 என்றே ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். புலிக்கெனச் சரணாலயங்கள் பல உண்டு. ஓநாய்க்கோ, ஜார்க்கண்டில் 1976இல் அமைந்த மகுவாடாண்ட் போன்ற ஒன்றிரண்டே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் உயிரைக் காக்கிறது, உறைவிடத்தைக் காக்கவில்லை. அரசு ஏடுகளில் புல்வெளிக்குப் பெரும்பாலும் "தரிசு" என்றே பெயர். எனவே அங்கே ஆலைகளும் சாலைகளும் எழுகின்றன. தெருநாய்களிடமிருந்து நோயும் தொற்றுகிறது, கலப்பினமும் பிறக்கிறது.

இதனால் ஓநாய் முற்றிலும் தீங்கற்றது என்று கூறிவிட முடியுமா? முடியாது. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்த் தாக்குதல்களில் குழந்தைகள் பலர் மாண்டனர். பிள்ளையை இழந்த தாயிடம் விலங்கின் உரிமை பேசுவது நியாயமன்று. அங்கு உயிரிழந்தோர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தாழிட்ட கதவும் இரவில் விளக்கும் அவர்களுக்கு முதலில் கிடைத்திட வேண்டும். தாக்கும் விலங்கை அடையாளம் கண்டு பிடிக்கவும் வேண்டும். ஆனால் ஒன்றன் குற்றத்துக்காக இனத்தையே அழிப்பது நீதியாகுமா?

ஆட்டை இழந்த இடையருக்கு உரிய இழப்பீடு காலத்தோடு கிடைத்தால், அவர் நஞ்சு வைக்கத் துணியமாட்டார். மேய்ச்சல் நிலம் நிலைத்தால் ஆடும் பிழைக்கும், ஓநாயும் பிழைக்கும்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கு யூசுப் நபியின் வரலாற்றைக் கூறுங்கள். இறுதியில் ஒன்றைக் கேளுங்கள்: "அந்த ஓநாய் செய்த தவறு என்ன?" அவர்கள் சொல்லும் விடையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கும்.