தென்னாப்பிரிக்காவில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா? போகும் முன் சில செய்திகள்

நம் ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் தந்தவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர்தான். அதன் துணைவேந்தராக 1935 முதல் 1940 வரை இருந்தவர் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் என்பது பலருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பள்ளி உருவாகக் காரணமானவரும் அவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. படிப்பை முடித்த நம் பிள்ளைகளில் சிலர், "ஆறு மாதம் ஆப்பிரிக்கா போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நமக்கு முன்பு அங்கே போனவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், அந்த எண்ணம் வீண்போகாது.

கப்பலில் போனவர்களின் பிள்ளைகள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை இப்படிப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு.

வேலைக்கு ஆள் கேட்ட அரசு, அந்த ஆட்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவதில் அக்கறை காட்டவில்லை. மக்களே காசு சேர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள்; ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு உதவி கேட்டுப் போராடினார்கள். நேட்டாலில் இந்தியர் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவை இப்படி உருவான உதவிபெறும் பள்ளிகளே.

படகில் கற்ற தமிழ்

1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே காந்தியும் காலன்பாக்கும் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சிறை சென்ற போராளிகளின் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடந்தன. அங்கே தமிழும் உருதும் கற்பித்தவர் காந்தியே. கப்பல் பயணத்திலும் சிறையிலும், போப் எழுதிய கையேட்டை வைத்துக் கற்ற அளவே அவருடைய தமிழ். அங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ எழுத்துகூடத் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு தொடங்கினார்.

அந்தப் பண்ணையில் முஸ்லிம் பிள்ளைகள் ரமலான் நோன்பு வைத்தபோது, இந்து, பார்சி, கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து பகலில் உண்ணாமல் இருந்தார்கள். மாலையில் நோன்பாளிகளுக்கு உணவு சமைத்துப் பரிமாறியதும் அவர்களே. பள்ளி என்பது பாடப் புத்தகத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சாஸ்திரி கல்லூரியும் சுல்தான் கல்லூரியும்

1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகச் சாஸ்திரி தென்னாப்பிரிக்கா போனார். இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாக் கனியாக இருந்ததைக் கண்டு, அங்கிருந்த இந்திய வணிகர்களிடமும் மக்களிடமும் நிதி திரட்டினார். பள்ளியை நடத்தும் பொறுப்பை அரசே ஏற்க வைத்தார். 1929 அக்டோபரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. அதற்குள் அவர் இந்தியா திரும்பியிருந்தார். அங்கே பாடம் நடத்த இந்தியாவிலிருந்து பட்டதாரி ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அங்கே படித்து வெளிவந்தவர்கள் பிறகு மற்றப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். சாஸ்திரி இருந்தது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அவர் விட்டு வந்த பள்ளியோ தலைமுறைகளுக்கு நின்றது.

ஹாஜி மலுக்முகமது லப்பா சுல்தான் 1890இல் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகப் போனவர். ரயில் நிலையத்தில் சுமை தூக்கினார், பிறகு வாழை பயிரிட்டார், வணிகம் செய்தார். சேர்த்த செல்வத்தில் பெரும் பங்கைத் தொழிற்கல்விக்காகக் கொடுத்தார். எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியின் சொந்தக் கட்டடம் 1956இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, 1953இலேயே மறைந்துவிட்டார். அந்தக் கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அவர் ஆசிரியர் அல்லர். ஆனால் அவரால் படித்தவர்கள் எத்தனை ஆயிரம்!

இன்று போக நினைப்பவர்களுக்கு

முதலில் நம் நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். ஊர் சுற்றுவது நோக்கமென்றால் பயணியாகவே போய் வரலாம், அதில் தவறில்லை. வகுப்பறையைச் சுற்றுலாவின் ஒரு நாள் நிகழ்ச்சியாக்குவதுதான் தவறு. மூன்று வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனால் பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளைகளே. பாதியில் நின்ற பாடத்தை யார் தொடர்வது?

இன்னொன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் படித்த பலர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் நாம் ஒரு இடத்தில் நின்றால், சம்பளத்துக்கு வர வேண்டிய உள்ளூர் ஆசிரியரின் இடம் பறிபோகலாம். ஆகவே அங்குள்ள பள்ளியிடம், "உங்களுக்கு எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை? நான் போன பிறகு யார் நடத்துவார்கள்?" என்று கேட்க வேண்டும். இதற்குத் தெளிவான பதில் சொல்லாமல் கட்டணத்தை மட்டும் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

• அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. முடிந்தால் ஒரு முழு ஆண்டு, இல்லையேல் ஒரு முழுப் பருவமாவது இருக்கும்படி திட்டமிடுங்கள்.

• சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது. தொண்டுப் பணிக்கு உரிய அனுமதி வேண்டும். முறையாக ஆசிரியராவதற்குத் தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றத்தில் பதிவும், காவல்துறை நற்சான்றும் தேவை.

• நாட்டின் வடகிழக்குப் பகுதிகளிலும் மொசாம்பிக் போன்ற அண்டை நாடுகளிலும் மலேரியா உண்டு. மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

• ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். சென்னை உடைகள் போதாது.

• நேட்டாலில் ஜூலு மொழி கொஞ்சமாவது பழகுங்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் 'சனிபோனானி' என்று வணக்கம் சொன்னால் பிள்ளைகள் முகம் மலரும்.

விடுமுறையில் பார்க்க

டர்பனில் ஜும்ஆ பள்ளிவாசலையும் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பையும் பார்க்கலாம். கேப்டவுனில் போ-காப் பகுதிக்குப் போங்கள். டச்சுக்காரர்கள் திடோர் தீவிலிருந்து நாடுகடத்தி, 1780 முதல் 1793 வரை ராபன் தீவில் சிறை வைத்த இமாம் அப்துல்லாஹ்வை மக்கள் 'துவான் குரு' என்று அழைத்தார்கள். சிறையில் நினைவிலிருந்தே குர்ஆனை எழுதியவர் அவர். விடுதலையானதும் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அடிமைகளின் பிள்ளைகளுக்கும் சேர்த்து மதரசா தொடங்கினார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தச் சமுதாயம் அவரை ஆசிரியராகவே நினைவுகூர்கிறது.

போனவர்களில் நிலைத்தவர்கள் எல்லாம் தமக்குப் பின் தொடர்வதற்கு ஒன்றை விட்டு வந்தவர்கள். நாமும் பெட்டி கட்டும் முன் அதை யோசிப்போம். போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். அடையாற்றங்கரைக் குடியிருப்புகளிலும் மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஓராண்டு நின்று பழகியவர், இறைவன் நாடினால், டர்பனிலும் நல்ல ஆசிரியராக இருப்பார்.