பேலட்டைத் திருப்பிப் பாருங்கள்

முகூர்த்தப் பட்டு அரக்கோ மாம்பழ மஞ்சளோ, இமைக்குச் செம்பு நிறம்தான் என்று ஆகிவிட்டது. டெரகோட்டா, காப்பர், பர்கண்டி, செங்கல் சிவப்பு, நடுவில் கொஞ்சம் தங்கப் பளபளப்பு. 'வார்ம் டோன்' ஐஷேடோ பேலட் நம் தோல் நிறத்துக்கு அழகாகவே பொருந்துகிறது. வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்கிறோமே, அதற்கு முன் செய்ய வேண்டியவையும் அதற்குப் பின் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன.

இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியவற்றில் ஒன்று. கையில் ஒன்றும் செய்யாத பொருள் இமையில் அரிப்பையும் வீக்கத்தையும் தரலாம். பழுப்பு, செங்கல் நிறங்களைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. பெட்டியின் பின்புறம் சி.ஐ. 77491, 77492, 77499 என்று எண்ணாக இருக்கும். இவை பலருக்கும் ஒத்துக்கொள்பவை. கூடுதல் கவனம் வேண்டியது பளிச்சென்ற சிவப்பிலும் பிங்கிலும். உதட்டுக்கு அனுமதித்த சில செயற்கைச் சாயங்களை அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதிப்பதில்லை. அதனால் அங்கிருந்து வரும் சில பேலட்டுகளில் அந்த நிறங்களை 'பிரஸ்டு பிக்மென்ட்' என்று பெயரிட்டு, கண் பகுதிக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணுக்கென்றே வாங்குகிற பெட்டியில் இப்படி ஒரு வரி! சி.ஐ. 75470 என்றிருந்தால் அது கார்மைன், ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. சிலருக்கு ஒவ்வாமை தரும். சைவம் பார்ப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இந்தியாவில் அழகுப் பொருளில் சேர்க்கும் நிறமியில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. ஆர்செனிக்குக்கு வரம்பு 2 பங்கு. ஆனால் வழக்கமான பரிசோதனை உரிமம் எடுத்துத் தயாரிப்பவரிடம்தான் நடக்கும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள பேலட்டை முந்நூறு ரூபாய்க்கு 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று விற்பவரின் சரக்கு எந்த ஆய்வகத்தையும் பார்த்திருக்காது. 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் பறிமுதல் செய்த போலி மேக்கப்பில் கழிவுக் கிருமிகள் இருந்தது தெரியவந்தது. பெயருள்ள கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2019-இல் கிளேர்ஸ் நிறுவனத்தின் ஐஷேடோ உள்ளிட்ட மூன்று பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உறுதிசெய்தது. டால்க் கனிமத்தோடு ஒட்டி வரக்கூடிய நஞ்சு அது.

ஆகவே நிறத்தைப் பார்க்குமுன் முதுகைப் பாருங்கள். உள்நாட்டுத் தயாரிப்பென்றால் தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானப் பட்டியல், எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். "ஃபாரின் சரக்கு, அதெல்லாம் ஒட்ட மாட்டாங்க" என்று கடைக்காரர் சொன்னால், வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கடையில் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரைக் கண்ணுக்குக் கொண்டு போகவே வேண்டாம். நமக்கு முன் அதைத் தொட்டவருக்கு மெட்ராஸ் ஐ இருந்ததா என்று யார் கண்டார்கள்? நிறம் பார்க்க முன்கை போதும். வீட்டுக்கு வந்ததும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பாருங்கள். ஒவ்வாமை உடனே வரும் என்பதில்லை, 48 மணி நேரம் கழித்தும் தலைகாட்டும். கல்யாணப் பெண்ணுக்கு 'ட்ரையல் மேக்கப்' முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வைப்பது இதனால்தான் சரிவராது. இரண்டு வாரமாவது முன்னால் வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு மேக்கப் போட வேண்டும், கழற்றிய பிறகு மேக்கப்பைக் கலைக்க வேண்டும்.

எரிந்தால் கசக்காதீர்கள். லென்ஸை எடுத்துவிட்டுச் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பார்வை மங்கினாலோ வலி நிற்காவிட்டாலோ கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது கண் அழுத்தத்தை ஏற்றும், சில கிருமித் தொற்றுகளை இன்னும் மோசமாக்கும். கோபத்தில் பேலட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டி, பில், வீங்கிய கண்ணின் போட்டோ, டாக்டர் சீட்டு ஆகிய நான்கும்தான் உங்கள் சாட்சி.

"சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது" என்பது கடையின் வாசகம். நிறம் பிடிக்கவில்லை என்றால் அது செல்லும். பொருளே குறையுள்ளது என்றால் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பேலட்டை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் உண்டு. மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். போலி எனச் சந்தேகப்பட்டால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் செய்யுங்கள். போலி அழகுப் பொருள் தயாரித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

ரீல்ஸில் "என் ஃபேவரிட்" என்று காட்டுபவர் காசோ இலவசப் பெட்டியோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பொய் விளம்பரம் என்று நிரூபணமானால் அவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். காசு வாங்கிச் செய்வது சேவை. என்ன பிராண்ட், எப்போது திறந்தது, பிரஷ்ஷைக் கழுவினீர்களா என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்டுவிடலாம், முகூர்த்த நாள் காலை நாலு மணிக்கு அதையெல்லாம் கேட்க யாருக்கு நேரம்?