மூச்சுத் திணறலும் இன்ஹேலர் தேர்வும்

இழுப்பு, ஈளை, இரைப்பு என்று பல பெயரிட்டு நம் முன்னோர் அழைத்த ஆஸ்துமாவை அறியாதார் இலர். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அத்துணை அறிமுகமானதன்று. முன்னது பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கி, வருவதும் போவதுமாக இருக்கும். பின்னது புகையாலும் தூசியாலும் மூச்சுக்குழல்கள் ஆண்டுக்கணக்கில் கெட்டு, நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டி, முற்றிலும் நீங்காமல் நிற்பது. இவ்விரண்டும் ஒருவரிடமே குடிகொள்வதும் உண்டு. அத்தகையோருக்கு எந்த இன்ஹேலர் ஏற்றது என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

பீடி தொடாதவருக்கு இந்நோய் வாராது என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.44 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் பருத்திமாரும் விறகும் எரித்துச் சமைத்த தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா அவர்கள், அதற்கு முன் கிராமக் கைத்தொழிற் பணியாற்றிய வார்தா மகன்வாடியில்தான் புகையில்லா அடுப்பு ஒன்று உருவாயிற்று. அதனை அன்றே நாம் கைக்கொண்டிருக்கலாம்.

இன்ஹேலரில் அடங்கும் மருந்துகள் முக்கியமாக மூவகை. சால்பியூட்டமால் போன்றவை சில நிமிடங்களில் குழலை விரித்து, சில மணி நேரம் சுகம் தருபவை. ஃபார்மோட்டிரால், டையோட்டிரோப்பியம் போன்றவை நெடுநேரம் விரித்து வைப்பவை. பியூடிசோனைடு போன்ற ஸ்டீராய்டுகள் குழலின் உள்ளழற்சியைத் தணிப்பவை. இவை உடனே சுகம் காட்டா.

சி.ஓ.பி.டி. மட்டும் உடையவருக்கு நெடுநேர விரிப்பு மருந்துகளையே மருத்துவர் பெரும்பாலும் முதலில் தருவர். ஆனால் ஆஸ்துமாவும் உடன் இருக்குமாயின் ஆஸ்துமாவின் விதியே முந்தும். அதாவது, ஸ்டீராய்டு சேராத விரிப்பு மருந்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. அமெரிக்காவில் 26,000-க்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சால்மெட்டிரால் என்னும் நெடுநேர விரிப்பு மருந்து பெற்ற பாதிப் பேரில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தனர். போலி மருந்து பெற்ற மறுபாதியில் 3 பேர். ஆகவே, பக்கத்துத் தறிக்காரருக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலரை நாமும் வாங்கி இழுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரு நோயும் உடையவருக்கு ஸ்டீராய்டும் நெடுநேர விரிப்பு மருந்தும் கலந்ததே அடிப்படை. அது போதாதபோது டையோட்டிரோப்பியம் போன்றதை மருத்துவர் கூட்டுவார்.

சால்பியூட்டமாலை மட்டும் மாதந்தோறும் வாங்குவோரைக் காணும்போது எனக்குக் கந்துவட்டிக் கடன் நினைவுக்கு வருகிறது. கேட்டவுடன் கை நிறைகிறது. முதல் அப்படியே நிற்கிறது.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே அஞ்சுவோர் உளர். இன்ஹேலரில் அது மைக்ரோகிராம் அளவில் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. வாய்ப்புண் வாராதிருக்க, இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சி.ஓ.பி.டி. உடையவருக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இதனால் சற்று மிகுமாதலின், காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் கண்டால் தாமதமின்றி மருத்துவரை அடைக. தாமே மருந்தை நிறுத்திவிடலாகாது.

இனி, கருவி. மருந்து சரியாயிருந்தும் கருவி பொருந்தாவிடில் பயனில்லை. அழுத்தும் இன்ஹேலரை, மூச்சை மெல்ல உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பின் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். கை நடுங்கும் முதியோருக்கு இது அரிது. ஸ்பேசர் என்னும் குடுவையை இணைத்தால் எளிதாகும். கடைச் சரக்கே வேண்டுமென்பதுமில்லை. 500 மில்லி லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் செய்த ஸ்பேசர் குழந்தைகளுக்கு வழக்கமான ஸ்பேசர் போலவே பயன்பட்டதெனத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் கண்டனர். பொடி இன்ஹேலரோ இதற்கு நேர்மாறு. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தாலன்றிப் பொடி உள்ளே செல்லாது. நுரையீரல் மிகத் தளர்ந்தவருக்கு அது ஏற்றதன்று. பொடிக் குளிகையை மாத்திரையென்று விழுங்கிவிடுவோரும் உண்டு!

நோயைப் பகுத்தறிய, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை அவசியம். மதுரையை அடுத்த தோப்பூரில் நெஞ்சக நோய்க்கென்றே அரசு மருத்துவமனை உள்ளது. மருந்தின் விலை பற்றிக் கவலையுறுவோர், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் பல கூட்டுறவுச் சங்கங்களுடையவை என்பதை அறிக. மருத்துவர் எழுதிய மருந்து குறைந்த விலையில் உண்டா என அங்கே விசாரிக்கலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது இன்ஹேலரையும் கொண்டு சென்று, அவர் முன்னிலையில் இழுத்துக் காட்டுக. 120 தடவை என்று அச்சிட்ட இன்ஹேலர், நாளொன்றுக்கு 4 தடவை எடுப்பவருக்கு 30 நாளில் தீரும். அதன்பின்னும் அழுத்தினால் வாயு வரக்கூடும், மருந்து வாராது. தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தல் நன்று.