கோப்பைத் தேடும் பாதை

ஒரு வீட்டிற்கு இருவகையாக வழி கூறலாம். மாநிலம், ஊர், தெரு, கதவு எண் என முழு முகவரியைத் தருவது ஒரு வகை. 'இங்கிருந்து இடப்புறம் திரும்பினால் மூன்றாவது வீடு' என்பது மற்றொரு வகை. முன்னது எங்கிருப்பவருக்கும் பொருந்தும். பின்னது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பொருள் தரும். கணினியில் கோப்புகளைக் கண்டறியும் முறையும் இத்தகையதே.

இருவகைப் பாதைகள்

கோப்புறைகள் மரத்தின் கிளைகளைப் போல ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிகின்றன. அவை அனைத்திற்கும் அடியாக அமைவது வேர்க் கோப்புறை. வேரிலிருந்து தொடங்கிக் கோப்பு வரை கூறுவது முழுப்பாதை ஆகும்.

எ.கா: /இல்லம்/மலர்/செயல்திட்டம்/படங்கள்/யமுனை

நிற்கும் கோப்புறையிலிருந்து தொடங்குவது சார்புப்பாதை. 'செயல்திட்டம்' என்னும் கோப்புறையில் நின்றால் 'படங்கள்/யமுனை' என்பதே போதும். ஒரு படி மேலே செல்ல இரு புள்ளிகள் இட வேண்டும்.

மலர் என்னும் மாணவி, ஆறுகள் பற்றிய வலைப்பக்கம் ஒன்றைத் தன் வீட்டுக் கணினியில் உருவாக்கினாள் எனக் கொள்வோம். படங்களுக்கு அவள் முழுப்பாதையையே எழுதினாள். மதிப்பீட்டு நாளில் பள்ளிக் கணினியில் அப்பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் தோன்றும், படங்கள் தோன்றா. படங்களை அவள் உடன் கொண்டுவந்திருந்தும், பக்கம் அவற்றைப் பழைய முகவரியிலேயே தேடுகிறது. சார்புப்பாதையை எழுதியிருப்பின் இவ்விடர் நேர்ந்திராது. பணிமாறுதலால் ஒரு குடும்பம் ஊர் மாறும்போது வீட்டு முகவரி மாறும். தாய், மகள் என்னும் உறவு மாறுவதில்லை அன்றோ!

பிரிப்புக்குறிகள்

1969 இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ், கோப்புறைகளைப் பிரிக்கச் சாய்கோட்டை (/) ஏற்றது. லினக்ஸும் மேக் கணினிகளும் அம்மரபையே பின்பற்றுகின்றன. 1981 இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தில் கோப்புறைகள் இல்லை. கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கச் சாய்கோடு பயன்பட்டது. 1983 இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் இடம்பெற்றபோது, பின்சாய்கோடு (\) பிரிப்புக்குறி ஆயிற்று. விண்டோஸ் இதன் வழித்தோன்றலே. லினக்ஸில் பின்சாய்கோடு பெயரில் வரும் ஓர் எழுத்தைப் போன்றதே. ஆதலின் 'படங்கள்\யமுனை' என எழுதினால், அது முழுவதையும் ஒரே கோப்பின் பெயராகக் கொள்ளும்.

பெயர்களில் கவனம்

ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கருதும். லினக்ஸ் வேறாகக் கருதும். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. ஆயினும், 'கொற்கை' என்னும் பெயரிலுள்ள 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்க ஒருங்குறி இடமளிக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

தீர்வு

பிரிப்புக்குறியைக் கையால் எழுதாமல் நிரல்மொழியிடமே விடுவது நன்று. 2014 இல் வெளிவந்த பைத்தான் 3.4 பதிப்பில் 'பாத்லிப்' என்னும் நிரல்தொகுதி சேர்க்கப்பட்டது. கோப்புறைப் பெயர்களை அதனிடம் தந்தால், இயங்குதளத்திற்கேற்ற பாதையை அதுவே அமைக்கும். மேலும், ஒரு நிரலைத் தொடங்கிய இடமும் அது சேமிக்கப்பட்ட இடமும் வேறாக இருக்கலாம். எனவே நிரல் தன் கோப்பின் இருப்பிடத்தை முதலில் அறிந்து, அங்கிருந்து பாதையைக் கணக்கிட வேண்டும்.

ஒரே கணினியில் நிலையாக இருக்கும் கோப்பிற்கு முழுப்பாதை ஏற்றது. இடம்பெயரும் படைப்பிற்குச் சார்புப்பாதையே துணை.

வினாக்கள்
1. முழுப்பாதை, சார்புப்பாதை – வேறுபடுத்துக.
2. மலரின் வலைப்பக்கத்தில் படங்கள் தோன்றாமைக்குக் காரணம் யாது?
3. தமிழில் பெயரிடப்பட்ட கோப்பு கண்ணுக்குத் தெரிந்தும் கிட்டாமல் போவது எவ்வாறு? விளக்குக.